ஆரப்பாளையம் பூட்டுக் காட்சிச்சாலையில் படுத்திருந்த நோயாளி

என் பெயர் அழகுமலை. தகப்பனார் பெயர் பெரியகருப்பன். வயது ஐம்பத்தொன்பது. படிப்பு ஒன்பதாம் வகுப்பு முழுதாக, பத்தாம் வகுப்பு கொஞ்சம். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள லாட்ஜில் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். லாட்ஜுக்குப் பின்சந்தில் மாடி வீட்டில் மனைவி தாமரைச்செல்வியுடன் குடியிருந்து வருகிறேன். இன்று காவல் நிலையத்துக்கு வரச் சொல்லித் தகவல் வந்ததன் பேரில் முகக்கவசத்துடன் ஆஜராகி, யாரும் மிரட்டாமல், தெளிந்த புத்தியோடு சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இப்போது நடந்திருப்பது அத்தனையும் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான். பொங்கல் முடிந்த கையோடு, இந்த நோய் பேப்பரில் மூலைச் செய்தியாக வந்திருந்தபோதே, டீக்கடையில் எல்லோர் முன்னாலும், "சீனாக்காரன் இருமுனா ஆரப்பாளையத்துல தும்மல் வரும்டா" என்று சொன்னேன். சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர் இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஏட்டையா இதை எழுத வேண்டாம் என்கிறார். எழுதத்தான் வேண்டும். சாட்சி சொல்கிறவன் எப்படிப்பட்ட ஆள் என்று கோர்ட்டுக்குத் தெரிய வேண்டும். லாட்ஜ் மேசையில் உட்கார்ந்து ஊர்ப்பட்ட முகங்களைப் பார்த்தவன் நான். ஒரு முகத்தை ஒரு தடவை பார்த்தால் மறக்க மாட்டேன். பல வருஷம் கழித்து வேறு பெயரில் அறை எடுக்க வந்த ஒரு ஆளை அவருடைய காதை மட்டும் வைத்துக் கண்டுபிடித்திருக்கிறேன்.

சம்பவ இடம் வைகைக் கரைச் சாலைக்கு முதுகைக் காட்டி நிற்கும் பழைய சாயக்கூடம். அது ராமமூர்த்தி அவர்களுக்குச் சொந்தமானது. அவர் பட்டுநூலுக்குச் சாயம் போடும் தொழில் செய்தவர். ஊர் ஊராகப் போய்ப் பூட்டு சேர்க்கும் பழக்கம் உள்ளவர். தொழிலை நிறுத்திய பிறகு சாயத் தொட்டிகளின் மேல் பலகை போட்டுப் பூட்டுகளை அடுக்கி, பூட்டுக் காட்சிச்சாலை என்று போர்டு வைத்தார். பார்க்க வருகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை, பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சம்பளமும் இல்லை. ஞாயிறுதோறும் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். மாங்காய்ப் பூட்டு, மணியடிக்கும் பூட்டு, கோயில் கதவுப் பூட்டு என்று சுவர் முழுக்கத் தொங்கும். பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்வது என் பொறுப்பு.

காட்சிச்சாலையின் செயலாளர் ஐரின் டீச்சர். மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து நான்கு. தனி ஆள். இளைப்பு உண்டு, இன்ஹேலர் இல்லாமல் வெளியே வர மாட்டார். பூட்டுகளுக்கு எண்ணெய் போடுவது, துடைப்பது, பெயர் எழுதுவது எல்லாம் அவர்தான். எங்கள் லாட்ஜில் சாவிகளுக்குப் பதிலாக அட்டை வந்தபோது, சாவிகளில் தொங்கிய மரவில்லைகளை ஒரு சாக்கில் கட்டி டீச்சரிடம் கொடுத்தேன். டீச்சர் ஒவ்வொரு வில்லையிலும் வெள்ளைப் பெயிண்டால், அந்தப் பூட்டைக் கொடுத்தவர் பெயரையும் ஊரையும் எழுதிக் கம்பியால் பூட்டோடு கட்டித் தொங்கவிட்டார். எதற்காகவும் வில்லையைப் பூட்டிலிருந்து பிரிக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். "பேரு போச்சுன்னா பூட்டு அநாதை, அழகுமலை" என்பார். அந்த யோசனைக்கு அடிப்படை நான் கொடுத்த வில்லைகள்தான்.

டீச்சருக்கும் எனக்கும் மனஸ்தாபம் எதுவும் கிடையாது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வித்தியாசம் உண்டு. வாசலுக்கு நேரே தொங்கும் பெரிய பூட்டைக் காட்டி, இது பாண்டிய ராஜா கஜானாவுக்குப் போட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். டீச்சர் பின்னாலிருந்து, "அழகுமலை, அதுல திண்டுக்கல்னு இங்கிலீஷ்ல அடிச்சிருக்கு" என்பார். "பாண்டியன் திண்டுக்கல்லுல வாங்கியிருக்கக் கூடாதா டீச்சர்?" என்பேன். பிள்ளைகள் கைதட்டும். டீச்சரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்.

மார்ச் மாதம் ஊரடங்கு போட்டபோது ராமமூர்த்தி அவர்கள் பெங்களூரில் மகன் வீட்டில் மாட்டிக்கொண்டார். காட்சிச்சாலை மூடப்பட்டது. பிள்ளைகள் ஒவ்வொரு சாவியையும் திருகிப் பார்ப்பார்கள் என்பதால், நோய் தொற்ற அதைவிட நல்ல இடம் கிடையாது என்று முதலில் எச்சரித்தவன் நான். ஆனால் பூட்டுகளை அப்படியே விட முடியாது. கூடத்துக்கு ஆற்றங்கரை ஈரம் ஏறும். அதனால் டீச்சர் தினமும் காலையில் வந்து, பின்னறையில் எண்ணெய்த் தட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பூட்டாக எடுத்து முக்கித் துடைத்து மறுபடியும் மாட்டுவார். நான் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருப்பேன். தெருவில் பிளீச்சிங் தண்ணீர் அடிக்க ஆட்கள் வந்தபோதெல்லாம் டீச்சர் ஓடி வந்து, "உள்ள மட்டும் வேணாம். இரும்புல பட்டா ஒரு வாரத்துல துரு தின்னுடும்" என்று கெஞ்சித் திருப்பி அனுப்பினார். அவர்களும் வெளிச்சுவரோடு போய்விட்டார்கள்.

ஜூன் கடைசியில் மதுரைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு வந்தது. அதன் பிறகு ஒரு நாள் சாயங்காலம், டீச்சர் கதவைச் சாத்தும் நேரத்தில், ஒரு ஆள் தள்ளாடி வந்து வாசலில் உட்கார்ந்தார். ஆறடி உயரம், கடா மீசை, இடது கால் கொஞ்சம் இழுப்பு, தோளில் பச்சைத் துண்டு. உடம்பு அனலாகக் கொதித்தது. பஸ் இல்லை, ஊருக்குப் போக வழியில்லை என்றார். டீச்சர் மனசு வெண்ணெய். உள்ளே கூட்டிப்போய்ப் பாய் போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். கஞ்சியில் உப்புக் கம்மி என்று அந்த ஆள் சொன்னதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலையில் விஜய்ஆனந்த் வந்தார். இவர் ராமமூர்த்தி அவர்களின் அண்ணன் மகன், வெங்காய வியாபாரம். குட்டி யானை வண்டி நிறைய மூட்டையும் இரண்டு சுமைக்காரர்களும் கூட வந்தார்கள்.

"அண்ணே, கதவத் தொறங்க. மார்க்கெட்ட மூடிட்டாய்ங்க, சரக்கு ரோட்டுல நிக்குது" என்றார்.

"தம்பி, சித்தப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன்.

"அவரு பெங்களூர்ல, நான் இங்க. இம்புட்டுப் பெரிய எடத்துல துருப்பிடிச்ச பூட்டத் தொங்கவிட்டுக்கிட்டு இருக்கீங்க. அம்புட்டையும் சாக்குல அள்ளி மொட்டை மாடியில போட்டா, எல்லாம் முடிஞ்சப்புறம் எறக்கிக்கலாம்."

"மழை வந்தா?"

"பூட்டுக்கு என்னண்ணே, சளி பிடிக்குமா?"

சுமைக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு படியில் கால் வைத்துவிட்டார். அப்போது நான், "தம்பி, உள்ள ஆள் படுத்திருக்கு. காய்ச்சல். இருமுறான்" என்று தெரியப்படுத்தினேன். மூட்டை படியிலேயே விழுந்து வெங்காயம் சாக்கடை வரை உருண்டது. சுமைக்காரர்கள் டிரைவருக்கு முன்னால் வண்டியில் ஏறிவிட்டார்கள். விஜய்ஆனந்த் மட்டும் தெரு முனை வரை போய்த் திரும்பி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளி வெளியே வந்து ஊரைக் கெடுத்துவிடக் கூடாது என்ற பொறுப்பில், எண்ணெய் போட்டு ஜன்னல் திட்டில் காய வைத்திருந்த பூட்டுகளில் கைக்கு வந்த ஒன்றை எடுத்துக் கதவில் மாட்டி அழுத்தினேன். அது அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் ரகம். அதன் சாவி உள்ளே ஆணியில் தொங்குகிறது என்பதும், டீச்சர் பின்னறையில் வேலையாக இருக்கிறார் என்பதும் பூட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஜன்னலில் நின்று கூப்பிட்டேன். பின்னறைக்குக் கேட்கவில்லை. டீச்சருக்கு ஃபோன் போட்டேன். மணி முன்கூடத்திலேயே கைப்பைக்குள் அடித்தது.

விஜய்ஆனந்த் மாநகராட்சிக்கு ஃபோன் செய்திருக்கிறார். நான் பூட்டோடு போராடிக்கொண்டிருந்தபோதே சுகாதார ஆய்வாளரும், உடம்பு முழுக்க வெள்ளை உடுப்புப் போட்டவர்களும், முதுகில் மருந்து டப்பாவோடு இருவரும் வந்து இறங்கினார்கள். சுகாதார ஆய்வாளர் என்னைப் பெரியவரே என்று கூப்பிட்டார். அவருக்கும் எனக்கும் அதிக வயது வித்தியாசம் இருக்காது.

"பெரியவரே, சாவி எங்க?"

"உள்ள இருக்கு சார்."

"நோயாளி?"

"அவனும் உள்ளதான்."

"சாவியும் உள்ள, நோயாளியும் உள்ள, பூட்டு மட்டும் வெளியவா? எந்த ஊரு வழக்கம்யா இது?"

அதன் பிறகு அவர்கள் டிரைவர் என்னைக் கேட்காமல் தன்னிடமிருந்த ஒரு சாவியை விட்டுத் திருகினார். அந்தப் பூட்டு வேறு சாவியைப் போட்டால் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். டிரைவர் இழுக்க இழுக்க அது விடவில்லை. வண்டிச் சாவி வளையமும் அதோடு சேர்ந்து தொங்கியதால் வண்டியையும் எடுக்க முடியவில்லை. மாடிகளில் நின்ற ஜனங்கள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவனியாபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை வரவழைத்து அறுக்கும் மெஷினால் பூட்டை அறுக்க வேண்டியதாயிற்று. அவர் வந்து சேரும் வரை, சுகாதார ஆய்வாளர் நோயாளியின் பெயர் ஊர் கேட்டார். சின்னச்சாமி, வாடிப்பட்டி என்று சொன்னேன். அங்க அடையாளம் கேட்டார், சொன்னேன். யார் உள்ளே விட்டது என்று கேட்டார். டீச்சருடைய நல்ல மனசு வெளியே தெரியட்டும் என்று கஞ்சி கொடுத்ததையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "எல்லாரும் உங்க மாதிரிப் பொறுப்பா இருந்தா எங்களுக்கு வேலை மிச்சம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

கதவு திறந்தபோது டீச்சர் எண்ணெய்க் கையோடு எதிரில் நின்றார். அறுக்கும் சத்தத்தில்தான் எழுந்து வந்ததாகச் சொன்னார். நோயாளி எங்கே என்று கேட்டதற்கு, "எந்த நோயாளி?" என்றார். உள்ளே போய்ப் பார்த்தார்கள். யாரும் இல்லை. பூட்டு அறுபடாமல் நின்ற அந்த நேரத்தில், பின்சுவர் ஏறிக் கரைச் சாலைப் பக்கம் குதித்துப் போயிருப்பான் என்று நான் என் அனுபவத்தை வைத்துச் சொன்னேன். டீச்சர் என்னைப் பார்த்தார்.

அதன் பிறகு கூடத்துக்குள் பிளீச்சிங் தண்ணீர் அடிக்க ஆரம்பித்தார்கள். டீச்சர் பலகைக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். "சார், துணியில நனைச்சு நானே தொடைக்கிறேன். பூட்டு மேல மட்டும் அடிக்காதீங்க" என்றார். நோயாளி படுத்திருந்த இடத்தை விட முடியாது என்று சுவர், பலகை, பூட்டு என்று பார்க்காமல் அடித்தார்கள். ஒவ்வொரு பூட்டிலிருந்தும் சொட்டியது. அந்த நெடியில் டீச்சருக்கு இளைப்பு வந்துவிட்டது. இருமி இருமிக் கைப்பையைத் தேடினார். இருமலைப் பார்த்ததும் வெள்ளை உடுப்புக்காரர்கள் தள்ளி நின்றுகொண்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். இளைப்புதான் என்று நான் சொன்னேன். "அத டாக்டர் சொல்லட்டும்" என்றார்கள். வண்டியில் ஏறும்போது டீச்சர் மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அழகுமலை, தொடச்சிருங்க. காயறதுக்குள்ள தொடச்சிருங்க."

ஆனால் வண்டி கிளம்பிய கையோடு கதவுக்குத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். என் கையிலும் முத்திரை குத்தி வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். தெருவின் இரண்டு முனையிலும் கட்டை போட்டார்கள். வீடு வீடாக மூக்கில் குச்சி விட்டார்கள். மாடியிலிருந்தபடியே, ஃபோனில் செய்தி போடும் ஒருவருக்கு நோயாளி தப்பியது பற்றி விவரம் சொன்னேன். அதை வெகுபேர் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அதில் டீச்சர் கஞ்சி கொடுத்ததையும் மறக்காமல் சொல்லியிருக்கிறேன். என் மனைவி வாசலில் வேப்பிலை கட்டி, என் தட்டைத் தரையில் வைத்துக் கம்பால் தள்ளிவிட்டு வந்தாள். "ஏங்க, அந்தாள நெசமாப் பாத்தீகளா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். சோற்றைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

பரிசோதனையில் எனக்கு நோய் இல்லை என்று வந்தது. டீச்சரின் முடிவு எங்கோ தவறிப்போய் மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். அவர் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரிக் கூடத்தில் கட்டில் போட்டு வைக்கப்பட்டிருக்கிறார். நோய் உள்ளவர்கள், இருக்கிறதா என்று தெரியாதவர்கள் எல்லோருக்கும் கழிப்பறை ஒன்றுதான் என்று அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார். டீச்சரிடமிருந்து ஒரு தடவை ஃபோன் வந்தது. நலம் விசாரித்தார். பூட்டுகளைப் பற்றிக் கேட்டார். நன்றாக இருக்கின்றன என்று சொன்னேன். வீட்டை விட்டு இறங்க அனுமதித்த அன்று நேராகக் காட்சிச்சாலைக்குப் போய்த் தகர இடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்தேன். பிளீச்சிங் வாடை அடங்கி இரும்பு வாடை வந்தது.

நோயாளியை மறைத்து வைத்துத் தப்பவிட்டதாக டீச்சர் மேல் வழக்கு எழுதப்போவதாகவும், அப்படி யாரும் வரவே இல்லை என்று டீச்சர் பிடிவாதமாகச் சொல்வதாகவும், தப்பிய ஆளைப் பிடித்துவிட்டதாகவும், நான் அடையாளம் காட்ட வேண்டும் என்றும் இன்ஸ்பெக்டர் ஐயா இன்று தெரிவித்தார். எத்தனை பேருக்கு நடுவில் நிறுத்தினாலும் காட்டுவேன் என்று சொன்னேன்.

இந்த இடத்தில் வாக்குமூலம் எழுதுவது நிறுத்தப்பட்டு, என்னை ஜன்னலுக்கு அழைத்துச் சென்று வெளியே காட்டிய பிறகு மீண்டும் தொடரப்படுகிறது.

ஸ்டேஷன் வாசல் வேப்ப மரத்தடியில் ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி யாரும் நெருங்காமல் வட்டமாக இடம் விட்டிருந்தார்கள். குட்டையான ஆள். மீசை இல்லை. துண்டு இல்லை, முகத்தில் பிள்ளைகளுடைய சீருடைத் துணியில் தைத்த கவசம் தாடைக்கு இறங்கிக் கிடந்தது.

"மீசைய எடுத்துட்டான்யா" என்றார் இன்ஸ்பெக்டர் ஐயா.

"ஆறடி இல்லையே சார்."

"உக்காந்திருக்கவன் என்ன உசரம்னு உனக்கு எப்படித் தெரியும்? பேரு சின்னச்சாமி. ஊரு வாடிப்பட்டி. பூட்டு மியூசியத்துக்கு வந்திருக்கியாடான்னு கேட்டா, ஆமான்னு அவனே சொல்றான். நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். டீச்சரையும் அவனையும் சேர்த்து எழுதிடலாம்."

மியூசியம் என்ற சொல் காதில் விழுந்து அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து இரண்டு எட்டு வைத்தார். கால் நன்றாகத்தான் இருந்தது. காவலர் அதட்டவும் நின்றுகொண்டார். நின்ற இடத்திலிருந்தே, "அண்ணே, நீங்க பூட்டு மியூசியத்து ஆளா?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எங்கய்யா ரைஸ் மில்லுக்குப் போட்டிருந்த பூட்டுண்ணே. கள்ளச்சாவி போட்டாக் கவ்விக்கிரும். டீச்சரம்மா எம் பேரெழுதித் தொங்கவிட்டாங்க. எப்ப வேணாலும் வந்து பாத்துட்டுப் போங்கன்னாங்க, அதுக்கப்பறம் வரவே முடியல. நல்லா இருக்குல்லண்ணே?"

அந்தப் பூட்டு இரண்டு துண்டாக, கவ்விய சாவியோடு, இன்ஸ்பெக்டர் ஐயாவின் மேசை மேல் வழக்குச் சொத்தாக வைக்கப்பட்டிருக்கிறது. ஜன்னலுக்குக் கீழுள்ள சுவர் மறைத்ததால் அது அவர் கண்ணில் படவில்லை. அவரைப் பிடித்து வந்தபோது அவர் மனைவியும் பிள்ளைகளும் வேறொரு வண்டியில் ஏற்றப்பட்டு எங்கே கொண்டுபோகப்பட்டார்கள் என்று தெரியவில்லை என்று ஏட்டையா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

மேலே எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதும்படி கேட்டேன். அடிக்கக் கூடாது, கீழே தொடர்ந்து சொல் என்று இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னதால் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் வாசலுக்கு யாரும் வரவில்லை. டீச்சர் யாருக்கும் பாய் போடவில்லை, கஞ்சி வைக்கவில்லை. காட்சிச்சாலையில் அடுப்பே கிடையாது. மூட்டை படியேறுவதைப் பார்த்ததும், பூட்டுகள் மாடியில் மழையில் கிடக்கப்போவது தெரிந்து, வாயில் வந்ததைச் சொன்னேன். விஜய்ஆனந்த் தெரு முனையில் நின்று பார்த்ததால், அவர் நம்ப வேண்டும் என்று கதவைப் பூட்டினேன். சுகாதார ஆய்வாளர் பெயர் கேட்டபோது என் கண் முன்னால் அந்தப் பூட்டும் அதில் தொங்கிய மரவில்லையும்தான் இருந்தன. வில்லையில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். மீசை, கால், பச்சைத் துண்டு எல்லாம் நானாகச் சேர்த்தவை. எவ்வளவு சேர்க்கிறேனோ அவ்வளவு நம்புவார்கள் என்பது என் அனுபவம். அறுக்க வந்தவருக்கு வில்லை இடைஞ்சல் என்று சொல்லிக் கம்பியைப் பிரித்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சின்னச்சாமி பூட்டைக் கொண்டுவந்த அன்று நான் ஊரில் இல்லை. அந்த வில்லைகளில் எழுதியிருப்பவை எல்லாம் எனக்கு இதுநாள் வரை வெறும் பெயர்கள்தான்.

டீச்சர் ஃபோனில் பேசியதில் ஒன்றை மேலே விட்டுவிட்டேன். "வாடிப்பட்டிச் சின்னச்சாமின்னு ஒரு பேரைச் சொல்லிச் சொல்லிக் கேக்குறாங்க. நான் அந்தப் பேரை எங்கேயோ என் கையால எழுதியிருக்கேன், அழகுமலை. எங்கன்னுதான் வரமாட்டேங்குது. நீங்களும் கொஞ்சம் யோசிங்க" என்றார். யோசிக்கிறேன் டீச்சர் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது அந்த வில்லை என் சட்டைப் பையில்தான் இருந்தது.

என் மனைவியும் ஒன்று சொன்னாள். "நீங்க சொன்ன கதையால இதுவரைக்கும் யாருக்கும் வலிச்சதில்ல. இது வலிக்குது" என்றாள். அதையும் எழுதிக்கொள்ளவும்.

இது எல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னேன் என்பது உண்மை. நோய் வரும் என்றேன், வந்தது. பிளீச்சிங் அடிப்பார்கள் என்றேன், அடித்தார்கள். வாடிப்பட்டியிலிருந்து ஒரு சின்னச்சாமி வந்து பூட்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்பார் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

ஐரின் டீச்சர் யாரையும் மறைக்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி. வெளியே உட்கார்ந்திருப்பவரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. என் மேல் என்ன வழக்கு எழுதினாலும் சம்மதம். இந்தத் தாள் முடிந்ததும் கல்லூரிக் கூடத்துக்குத் தகவல் போக வேண்டும். தகரத்தைப் பிரிக்கும்போது எண்ணெயும் துணியுமாக நான் வாசலில் நிற்க அனுமதிக்க வேண்டும்.

பாண்டிய ராஜா பூட்டு பற்றியும் ஏட்டையா கேட்டார். அது இந்த வழக்கில் வராது.

மேலே கண்டவற்றில் நோயாளி என்று ஓர் ஆள் அந்தக் கூடத்தில் இருந்ததாகச் சொன்னது மட்டும் நான் கட்டியது. அவரைச் சார்ந்து சொன்ன எல்லாவற்றையும் அவரோடு சேர்த்து நீக்கிக்கொள்ளவும். மீதி நடந்தது. ஏட்டையா படித்துக் காட்டினார், கேட்டேன், சரியாக இருக்கிறது. "சின்னச்சாமி, வாடிப்பட்டி" என்று எழுதிய மரவில்லை ஒன்றை என் சட்டைப் பையிலிருந்து எடுத்து இத்துடன் ஒப்படைக்கிறேன். பூட்டு இரண்டு துண்டாக இருந்தாலும் அதை அதோடு சேர்த்துக் கட்டிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) பெ. அழகுமலை